பினாங்கில் ஒரு கோழிக் கணக்கு

கடல் தாண்டிப் போகும் ஆசை எனக்கு இருந்ததே இல்லை. மணப்பாறையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் போன அண்டா திரும்பி வருமா என்ற கவலையே எனக்கு வருடம் முழுக்கப் போதும். அப்படிப்பட்டவனை மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவுக்குக் கிளப்பியது தங்கை செல்வியின் போன்.

"அண்ணே, லோஷினி கணக்கு கிளாசுக்குப் போறத நிறுத்திட்டா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீ தாய்மாமன். நீ நேர்ல வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பா."

லோஷினி செல்வியின் மகள். பத்தொன்பது வயது, பிறந்து வளர்ந்ததெல்லாம் பினாங்கில். அங்கே பள்ளிப் படிப்பின் கடைசியில் ஐந்தாம் படிவத் தேர்வு என்று ஒன்று உண்டு. அதில் மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் விழுந்துவிட்டாள். அந்த ஒரு தாளை மறுபடி எழுதித் தேறினால் தாதிப் படிப்பில், அதாவது நர்சிங்கில் சேரலாம். அதுவரைக்கும் என்று பாயான் லெப்பாசில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் பகல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது கம்பெனியில் நிரந்தர ராத்திரி ஷிப்டுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிப்ட் என்றால் சாயங்காலமே கம்பெனி பஸ் வந்துவிடும். வகுப்பு அதோடு முடிந்தது. "கையெழுத்துப் போட்டான்னா பொண்ணு அந்த லைன்லயே கெழவி ஆயிடுவாண்ணே," என்று செல்வி அழுதாள்.

கணக்குக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்தவன் நான். கணக்குப் படி என்று புத்தி சொல்ல என்னைப் பிடித்திருக்கிறார்கள்!

பினாங்கு விமான நிலையத்தில் இறங்கினேன். பையில் நாலு பெரிய பொட்டலம் மணப்பாறை முறுக்கு. சோதனை அதிகாரி மலாயில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. நானாகவே பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்து, "முருக்கு!" என்றார். அந்த ஊரில் அது எல்லோரும் தின்கிற பண்டமாம். நான் வழி முழுக்கக் கவலைப்பட்டது வீண். ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையாட்டி அனுப்பிவிட்டார். லஞ்சம் கொடுத்ததாக எழுதிக்கொண்டிருப்பாரோ என்று வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

தங்கை வீட்டுக்காரர் முனியாண்டி, பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், காரோடு வந்திருந்தார். "மச்சான், காடி அந்தப் பக்கம்," என்று பையை வாங்கிக்கொண்டார். சாலையில் அத்தனை வண்டிகள், ஒரு ஹாரன் சத்தம் இல்லை. துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி எல்லோரும் அமைதியாகப் போகிறார்கள். எனக்கு என்னவோ சங்கடமாக இருந்தது.

ஆயர் ஈத்தாம் பக்கம் பழைய அடுக்குமாடி ஒன்றில் அவர்கள் வீடு. அன்று ராத்திரி கோழிப் பெரட்டல். செல்வி, முனியாண்டி, மகன் குமரன், லோஷினி, நான் என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். அப்போது ஒன்று நடந்தது. செல்வி, விருந்தாளி நான் இருக்கும்போதே, சட்டியிலிருந்த பெரிய கால் துண்டை எடுத்து முதலில் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் எங்களுக்குப் போட்டாள். லோஷினி பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். செல்வியும் அந்தத் துண்டைத் தொடவில்லை. மகள் அந்தப் பக்கம் போனதும் அதைக் குமரன் தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

நான் வந்தது இவர்களுக்குப் பிடிக்கவில்லையோ? வீட்டில் சண்டையோ? கோழி குறைவாக வாங்கிவிட்டார்களோ? படுத்தும் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாளைக்கு லோஷினி எனக்காகக் கம்பெனியில் லீவு போட்டிருந்தாள். "பசியாறப் போலாம் வாங்க மாமா," என்று கீழே ஒரு கடைக்கு அழைத்துப்போனாள். ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவின் தம்பி, கொஞ்சம் நோஞ்சான். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. சர்வர் பையன் தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றியது மட்டும் நம் ஊர் போலவே இருந்தது.

தாய்மாமன் கடமையை ஆரம்பித்தேன். அதட்டத் தெரியாததால் என் கதையைச் சொன்னேன். ஏழாம் வகுப்பில், எட்டு ஆண்களும் பன்னிரண்டு பெண்களும் ஒரு வேலையைச் செய்தால் எத்தனை நாளில் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். நான் எழுந்து, "என்ன வேலை சார்?" என்று கேட்டேன். நாற்று நடுவதா, கிணறு வெட்டுவதா என்று தெரியாமல் நாளை எப்படிச் சொல்வது? வகுப்பே சிரித்தது. சார் உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் எனக்குள் இறங்கவில்லை.

லோஷினி சிரித்தாள். "நல்ல கேள்விதான் லா மாமா. ஆனா மார்க்கு கெடைக்காது." லா என்பது அந்த ஊர்ப் பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்வது.

"உனக்கும் அப்படித்தானா? கணக்கு வரலையா?"

"வரல," என்றாள். சிரிப்பு போய்விட்டது. "வெள்ளிக்கிழம சைன் பண்ணப் போறேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க." ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தாள்; தின்னவில்லை.

அவளிடம் பேசிப் பயனில்லை, டீச்சரையாவது பார்ப்போம் என்று முடிவு செய்தேன். டீச்சர் பெயர் ரோஸ்லின். கடலுக்கு அக்கரையில் உள்ள செபராங் ஜெயாவிலிருந்து பெர்ரிக் கப்பல் ஏறி வந்து, ஜார்ஜ் டவுனில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில், பள்ளியில் தவறிய பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித் தருகிறவர். வகுப்பு செவ்வாய், வியாழன் சாயங்காலம். வழி தவறினால் நேரம் வேண்டுமே என்று செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

கிளம்பியது நல்லதாகப் போயிற்று. வழி தவறத்தான் செய்தது. மாடிக்குக் கீழே ஒரு பஸ் வந்தது. நம் ஊரில் கை காட்டினால் நிற்பதெல்லாம் பஸ்தான். காட்டினேன், நின்றது, ஏறினேன். உள்ளே எல்லாம் ஒரே நிறச் சட்டை போட்ட பெண்கள். கண்டக்டரைத் தேடினேன். பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது.

"அங்கிள், எந்த லைனு? புது செக்யூரிட்டி கார்டா?"

"டவுனுக்கும்மா."

பஸ்ஸே சிரித்தது. "டவுனு அந்தப் பக்கம் அங்கிள். இது கிலாங் பஸ்ஸு. பேக்டரிக்குப் போவுது, பாயான் லெப்பாஸ். ஏறிட்டீங்க இல்ல, இன்னிக்கு ஓவர்டைம் பாத்துட்டுத்தான் எறங்கணும்!"

இறக்கிவிடச் சொல்லி எழுந்தேன். நெடுஞ்சாலை வந்துவிட்டதாம், நிறுத்த முடியாதாம். கேலி செய்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். சாந்தி என்று பெயர், நாற்பது வயது இருக்கும். யார் வீடு என்று கேட்டாள். சொன்னேன்.

"லோஷி மாமாவா! அலாமாக்! அண்ணே, உங்க தங்கச்சி மக பயங்கர ஆளு. இந்த ஆட்டத்துல, இந்த வெளிச்சத்துல, பஸ்ல ஒக்காந்து பழைய கேள்வித்தாளு எல்லாம் போட்டுத் தள்ளுது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கணக்கு வரலைன்னுதானே வகுப்புக்குப் போகாம இருக்கா?"

சாந்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். அதைக் கீழே எழுதியிருக்கிறேன். எழுதலாமா என்று லோஷினியிடமே பிறகு கேட்டேன். "பேர மாத்துங்க, எத்தன துண்டுங்கறதயும் மாத்துங்க," என்றாள். மாற்றிவிட்டேன்.

டீச்சர் விகிதம் நடத்தியிருக்கிறார். புத்தகக் கணக்கு வேண்டாம், வீட்டில் ஒரு பொருளை எப்படிப் பங்கு வைக்கிறீர்கள் என்று ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார். லோஷினி கோழியை எழுதிக் கொடுத்தாள்: அப்பாவுக்கு மூன்று துண்டு, அண்ணனுக்கு மூன்று, தனக்கு ஒன்று, அம்மாவுக்குக் குழம்பு. டீச்சர் அதைப் போர்டில் போட்டு, இது நியாயமா என்று வகுப்பைக் கேட்டார். ஒரு மணி நேரம் சண்டை. எவனோ, "லோஷி அம்மாவுக்கு முட்டை!" என்று கத்த, அது அடுக்குமாடி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மாடியில் ஒரு அம்மா செல்வியை நிறுத்தி, "என்னாக்கா, உங்க வீட்ல கோழி எடுத்தா உங்களுக்குக் குழம்பு மட்டும்தானாமே?" என்று கேட்டிருக்கிறாள்.

"அதுலேர்ந்து அவங்க அம்மா தெனம் மொதல்ல தன் தட்டுல ஒரு துண்டு வச்சுக்கறாங்களாம். லோஷி அதப் பாத்து சாப்பிடறதில்ல," என்றாள் சாந்தி.

கால் துண்டின் கதை புரிந்தது. மற்றதெல்லாம் குழம்பிப்போனது.

கம்பெனி வாசலில் காவல்காரர் என்னை உள்ளே விடவில்லை. டவுனுக்கு எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தமிழில் சொல்லவும் தெரியவில்லை. மலாயில் நிறையச் சொன்னார், நான் தமிழில் நிறைய நன்றி சொன்னேன். மூன்று பேரைக் கேட்டுச் சரியான பஸ்ஸைப் பிடித்தேன். டவுனில் ஒரு நாசி கண்டார் கடையில் சோற்றுக்கு மேல் நாலு விதக் குழம்பைக் கலந்து ஊற்றினார்கள். எந்தக் குழம்பு எதற்கு என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணாத்தான் நல்லாருக்கும் அண்ணே," என்றார் பரிமாறியவர். அன்றைக்கு என் தலையும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தலையில் கலந்தது ருசிக்கவில்லை, சோறு ருசித்தது.

ரோஸ்லின் டீச்சரிடம் கோபமாகப் பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றைத் துடைத்துப் போட்டார். கோபம் அங்கேயே பாதி போய்விட்டது. லோஷினியின் மாமா என்று சொல்லி, வீட்டுக் கோழியை ஏன் கணக்கில் கொண்டுவந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"புத்தகத்துக் கணக்குல எங்கிட்ட வர்ற பிள்ளைங்க யாருமே இல்லண்ணே," என்றார். "அதுல வர்றவன் காண்டோ வீடு வாங்குவான், ஜப்பானுக்கு ஹாலிடே போவான். இந்தப் பிள்ளைங்க கணக்கே வேற யாரோ வீட்டுப் பொருள்னு நினைச்சிட்டாங்க. அதான் உங்க வீட்டக் கொண்டு வாங்கன்னேன். அன்னிக்கு ஒருத்தரும் போனத் தொடல. தூங்கறவன்லாம் எழுந்து நின்னு விகிதம் பேசினான். நான் ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன். அடுத்த கிளாசுக்கு லோஷினி வரல. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

என்ன வேலை என்று கேட்டு உட்கார வைக்கப்பட்டவன் நான். இந்த டீச்சர் எனக்கு அன்று கிடைத்திருந்தால் நான் தேறியிருப்பேன். அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. பஸ்ஸில் சாந்தி சொன்னதை நினைத்தால் அதுவும் நியாயம் இல்லை. எதைப் பேசுவது என்று தெரியாமல், கேட்டதையெல்லாம் அப்படியே கொட்டிவிட்டேன். துண்டு, குழம்பு, தட்டு, எல்லாம். டீச்சர் கையிலிருந்த துணியோடு உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை காலை லோஷினி என்னைப் பெர்ரியில் அழைத்துப்போனாள். வெல்ட் கீ படகுத்துறையில் ஏறிப் பட்டர்வொர்த் போய்த் திரும்பலாம் என்றாள். கவிழ்ந்தால் எந்தப் பக்கம் நீந்துவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நீந்தவே தெரியாது. அக்கரையில் துறைமுகத்துக் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நின்றன. "அப்பா லாரி அங்கதான் எங்கயோ நிக்கும்," என்று காட்டினாள். நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

"லோஷி, எனக்கு விஷயம் தெரியும்மா. டீச்சருக்கும் இப்பத் தெரியும். ரொம்ப வருத்தப்பட்டாங்க. நீ தைரியமா வகுப்புக்குப் போகலாம்."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

"அம்மா தட்டுல எடுத்து வக்கிறதயும் சொல்லிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அத எதுக்கு மாமா சொன்னீங்க? ஒரு தடவ எங்க வீடு போர்டுல ஏறுனது பத்தாதா?"

நல்லது செய்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். டீச்சர் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன் என்பது அந்தக் கடல் நடுவில்தான் உறைத்தது. டீச்சராவது விகிதம் சொல்லித் தந்தார்.

அவள் கம்பியில் சாய்ந்து தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவளாகவே பேசினாள். "நீங்க என்ன வேலன்னு கேட்டீங்கல்ல மாமா? நான் கேக்க மாட்டேன். எனக்கு எக்ஸ்னா எக்ஸ். அதுக்கு வீடு கெடையாது, அம்மா கெடையாது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கெடையாது. பஸ்ல ஒக்காந்து அதப் போடறப்பதான் எனக்கு நிம்மதி. அங்கயும் எங்க வீட்டயே கொண்டாந்து வச்சா நான் எங்க போறது?"

"அப்ப சைன் பண்றதுன்னு சொல்றது…"

"ராத்திரி ஷிப்ட்ல வீட்ல சாப்பிட வேண்டியதில்ல மாமா."

அன்று மாலை அடுப்படியில் செல்வி தனியாக இருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். நான் எதையும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "குழம்பு ஊத்திச் சாப்பிட்டது எனக்கு ஒரு நாளும் கஷ்டமா இருந்ததில்லண்ணே. எனக்குக் குழம்புதான் புடிக்கும். இப்ப அதச் சொன்னா யாரு நம்பறா? ஏன், நானே நம்பல." கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு உண்மையிலேயே குழம்புதான் பிடிக்குமா, பிடிக்கும் என்று பழகிவிட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். அண்ணனான எனக்கே தெரியவில்லை. போர்டில் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்த லோஷினி சட்டையை மாற்றினாள். "கிளாசுக்குப் போறேன். இனிமே வரலன்னு நானே டீச்சர்ட்ட சொல்லிடறேன். எனக்காக வேற யாரும் எதுவும் சொல்லித் திரிய வேணாம்." வேற யாரும் என்றபோது என்னைத்தான் பார்த்தாள். நானும் கூடப் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மண்டபத்தில் பதினைந்து இருபது பிள்ளைகள். அவளைக் கண்டதும் சத்தம் அடங்கியது. டீச்சர் மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் கேளுங்க. நான் லோஷினிகிட்ட ஒரு மன்னிப்பு…" என்று ஆரம்பித்தார்.

"வேணாம் டீச்சர்," என்றாள் லோஷினி. "அதயும் பாடமா ஆக்கிடாதீங்க."

டீச்சர் மார்க்கரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"எக்ஸ், ஒய் மட்டும் வர்ற கணக்கு இருந்தா நான் இருக்கேன். இல்லன்னா போறேன்."

பின் வரிசையிலிருந்து ரூபன் என்ற பையன் எழுந்தான். உறுமி மேளக் குழுவில் அடிக்கிறவனாம், மணிக்கட்டில் கயிறு கயிறாகக் கட்டியிருந்தான். "அது எப்படி லா? எக்ஸு ஒய்யுன்னா எனக்குத் தூக்கம் வருது. எனக்கு எங்க மேளச் செட்டுக் கணக்குதான் புரியும். டீச்சர், நீங்க என் வீட்ட எடுத்துக்குங்க. எங்கம்மாவே உங்களுக்கு ஒரு கோழி குடுத்து விடுவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். லோஷினி சிரிக்கவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், நிறையப் பயம்.

லோஷினிதான் அசைந்தாள். ரூபன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லு, உன் செட்டுக் கணக்க."

"எங்க செட்டுல பதினாலு பேரு. கோயில்ல அடிச்சு முடிச்சதும் சோத்துப் பொட்டலம் பத்தொன்பது வந்துச்சு. உறுமி தூக்கறவனுக்கு ரெண்டு, மத்தவனுக்கு ஒண்ணு. ரெண்டு வாங்குனவன் எத்தன பேரு?"

"எத்தன பேரு?"

"அஞ்சு."

"எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேனே."

"பாக்காம சொல்லு. எக்ஸாம் ஹாலுக்கு உன் செட்டு வராது."

ரூபன் தலையைச் சொறிந்தான். அவள் பேனாவை வாங்கி அவன் சொன்னதைத் தாளில் எழுதி, உறுமியைக் கோடு போட்டு அடித்தாள், பொட்டலத்தை அடித்தாள், கோயிலை அடித்தாள். எக்ஸ், ஒய் என்று இரண்டு வரி மட்டும் மிஞ்சியது. எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. "இப்ப பாரு. இது யாரு செட்டுன்னு தெரியுதா?"

"தெரியல."

"யாரு எத்தன தின்னான்னு?"

"தெரியல."

"அப்ப போடு."

மேல் வரியிலிருந்து கீழ் வரியைக் கழிக்கச் சொன்னாள். மெதுவாகக் கழித்தான். ஐந்து வந்தது. "அடேய், வந்துருச்சு லா!" என்று கத்தினான். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அடுத்த கணக்கை ரூபன் தனியாகப் போட்டு, ஆட்கள் எண்ணிக்கையில் அரை ஆள் வரவழைத்தான். "இவன் யாரு, பாதி ஒடம்பு?" என்று லோஷினி கேட்டபோது அவளும் சிரித்துவிட்டாள்.

நடுவில் அவள் போன் அடித்தது. வராந்தாவுக்குப் போய் மலாயில் பேசினாள். சின்னப் பேச்சுதான். திரும்பி வரும்போது என் பக்கம் குனிந்தாள். "சூப்பர்வைசர். ராத்திரி ஷிப்ட் வேணாம்னு சொல்லிட்டேன். பகல்லயே இருக்கேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன் மாமா. நீங்க சொல்லாதீங்க."

பாதி வகுப்பில் என்னைக் குமரன் வந்து வண்டியில் அழைத்துப்போனான். நாலு மாடி ஏறும்வரைக்கும் அவள் சொன்ன சேதி வாய் வரைக்கும் வந்து வந்து போனது. எனக்கு எதுவும் உள்ளே தங்காது. தங்கினால் தூக்கம் வராது. கதவைத் திறந்த செல்வி என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சுண்ணே? கேட்டாளா? நாளைக்கு சைன் பண்றாளா, இல்லயா? சொல்லேன்!"

"அவ வந்து சொல்லுவா," என்றேன். செருப்பைக் கழற்றி, இரண்டையும் நேராக வைத்துவிட்டு உள்ளே போனேன்.